ஸ்டோரைச் சார்ந்த கட்டடங்கள்

ஹாலிஎலவுக்கு மேலே, ரயில் பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர்களுக்கான எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. எதிரே நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை. நாங்கள் அதை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். அதன் பின்னால் தேயிலைப் பெட்டிகளை ரயிலில் ஏற்றுவதற்கென்று கட்டிய கருங்கல் மேடை. தொண்ணூறுகளின் நடுவில் ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போனது. முப்பது வருடத்துக்கு மேல் அதற்குள் வேலை செய்த அப்பா, மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்து நிலத்தை அளந்தார்கள். ஸ்டோரையும் லயத்தையும் இடித்துவிட்டு உதைபந்தாட்ட மைதானம் கட்டப்போகிறார்களாம். இந்த மலையில் அவ்வளவு சமமான நிலம் வேறு எங்கே கிடைக்கும்? லயத்து ஆட்களுக்கு மேல் மலையில் தனித்தனி வீடு, சுற்றிலும் கொஞ்சம் காணி. எங்கள் வீட்டுக்கான முளையை அடித்த அன்று அம்மா ஏறிப்போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மாவுக்கு மூச்சிழுப்பு. மழை பெய்தால் காம்பராவில் ஒழுகாத மூலை ஒன்றுதான். நால்வரும் அதில் சுருண்டுகொள்வோம்.

தம்பிக்கு இரட்டைச் சந்தோஷம். தோட்டத்து அணியில் அவன்தான் கோல் காப்பவன். சரிவான நிலத்தில் விளையாடுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரம் பந்தைத் தேடி ஓடைக்குள் இறங்குவதிலேயே போகும்.

அந்த மாதங்களில்தான் ஒரு பெரியவர் வந்தார். கொழும்பில் கட்டடக் கலைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டோரைச் சுற்றிச் சுற்றி நடந்தார், இரும்புத் தூண்களைத் தட்டிப் பார்த்தார். இதை இடிப்பது பெரிய தப்பு, பழைய கட்டடங்களைக் காக்க நாங்கள் சிலர் சேர்ந்து ஆட்சேபணை மனு கொடுக்கப்போகிறோம், உள்ளே வேலை செய்த ஒருவர் சாட்சியாக வேண்டும் என்றார். எல்லோரும் அப்பாவைக் காட்டினார்கள்.

நான் அப்போது தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. லயத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள்.

அப்பா அதிகம் பேசாதவர். அன்று பேசினார். கொழுந்து வாட்டும் மாடியில் எந்த ஜன்னலை எப்போது திறக்க வேண்டும், கொழுந்தை உருட்டும் ரோலர் நிற்கப்போவதை எந்தச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார் என்றெல்லாம் சொன்னார். பெரியவர் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் தட்டச்சு செய்த தாளை எடுத்து நீட்டினார்.

"என்ன புள்ள போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

நான் வாசித்தேன். ஸ்டோரையும் அதைச் சார்ந்த கட்டடங்களையும் உள்ளது உள்ளபடியே பாதுகாக்க வேண்டும் என்று இருந்தது. 'சார்ந்த கட்டடங்கள்' என்ற இடத்தில் நின்றேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையா, கருங்கல் மேடையா? லயமுமா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் 'உங்கள் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது' என்று சற்று முன்புதான் அவர் சொல்லியிருந்தார். கேட்டால் எனக்குப் புரியவில்லை என்று ஆகிவிடும்.

"ஸ்டோரை இடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குப்பா."

"அப்ப சரி. புது வீட்டுக்கு ஒண்ணும் பாதகம் இல்லையே?"

"இல்லப்பா."

அப்பா நிதானமாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தார்.

விசாரணை பதுளைக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நடந்தது. மேசையில் வரைபடத்தை விரித்திருந்தார்கள். ஸ்டோரைச் சுற்றிப் போட்டிருந்த சிவப்புக் கோடு எங்கள் லயத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு போனது. தொழிலாளர் குடியிருப்போடு அப்படியே நிற்கும் தொழிற்சாலை அபூர்வம், இரண்டையும் பிரிக்கக் கூடாது என்று பெரியவர் பேசினார். அப்பாவின் பெயரையும் வாசித்தார்.

அப்பா எழுந்தார். "ஐயா, ஸ்டோர் நிக்கட்டும். லயம் வேணாங்க. அதுல நாங்க குடியிருக்கோம்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி தாளைத் திருப்பிக் காட்டினார். "இது உங்கள் கையெழுத்துத்தானே?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். உட்காரச் சொன்னார்கள்.

மைதானம் நின்றது. அதற்கான பணத்தை வேறு ஊருக்குத் திருப்பினார்கள். வீடுகள் எப்படியும் வரும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்; அவை மைதானத் திட்டத்தோடு சேர்ந்தவை என்பதால் அவையும் போயின. மேல் மலை முளைகளை யாரோ அடுப்புக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். லயத்தின் முகப்பில் ஒரு பலகை வந்தது. அனுமதியில்லாமல் எதையும் மாற்றக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையில் மாட்டிக்கொண்டோம். கூரை ஒழுகுகிறது என்று தோட்டத்து மேலாளரான தொரையிடம் போனால், "பலகையைப் பாத்தீங்கதானே, என் கையில இல்ல" என்றார். பதுளைக்கு எழுதினால், பழைய மாதிரித் தகரம்தான் போட வேண்டும் என்று பதில் வந்தது. அந்த மாதிரித் தகரம் இப்போது யாரும் செய்வதில்லை. பின்சுவர் வெடித்தபோது தம்பி சவுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்தான். காம்பராவுக்குள் நடக்கும்போது அந்த மரத்தைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். லயத்து ஆட்கள் அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அவர் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். தம்பி ஒரு வருடம் பொறுத்தான். பிறகு, "இங்க இருந்தா நானும் பலகை மாட்டுன சாமான்தான் அக்கா" என்று சொல்லிவிட்டுக் கொழும்பில் ஒரு கடை வேலைக்குப் போனான்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அம்மாவின் இழுப்புச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பேன்.

பலகை வந்த மூன்றாவது வருடம் பெரியவர் சிலரைக் கூட்டிக்கொண்டு கேமராவோடு வந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா காம்பராவின் முன்பக்கத்து இஸ்தோப்பில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து, "வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். ஒழுகும் தண்ணீருக்குக் கட்டில்மேல் வைத்திருந்த பேசினையும் முட்டு மரத்தையும் காட்டினாள்.

"ஐயாகிட்டச் சொல்லு. மழை நாள்ல ஒரு ராத்திரி இங்க வந்து படுக்கச் சொல்லு. நாளைக்கே இந்தச் சுவர் எம்மேல விழுந்தா, அதையும் அப்படியே வச்சிப் பாதுகாப்பாங்களான்னு கேளு."

ஒரு சொல்லும் விடாமல் நான் சொன்னேன். பெரியவர் தொப்பியைக் கழற்றினார். வெடித்த சுவரைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே" என்றார்.

"நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். அன்று தாளில் அந்த இடத்தில் நான் நின்றதையும் கேட்காமல் விட்டதையும் அவரிடமே இங்கிலீஷில் சொன்னேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். அவர்கள் போனபிறகு, என் இங்கிலீஷைப் பெரியவர் பாராட்டியதையும் சேர்த்து, அப்பாவிடம் தமிழில் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"நீ சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்து வச்சிருப்பேன் புள்ள" என்றார். "அன்னைக்கு அந்த மனுசன் நான் சொல்றத அப்படி கேட்டுக்கிட்டு இருந்தாரு. முப்பது வருசத்துல எம் பேச்ச யாரும் அப்படி கேட்டதில்ல."

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றாள்.

பெரியவர் அதோடு விட்டுவிடவில்லை. அவர் ஓயாமல் எழுதியதால் அடுத்த மழைக்கு முன் புதுத் தகரம் போட அனுமதி கிடைத்தது. பின்சுவரைச் சிமெந்து வைத்துக் கட்டினார்கள். வீடுகளைப் பற்றி மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

எனக்கு நிரந்தர நியமனம் மொனராகலைப் பக்கம் கிடைத்தது. அங்கே ஒரு வாடகை வீடு எடுத்து அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டேன். அம்மா உடனே மூட்டை கட்டினாள். அப்பா வர மறுத்தார். தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில் பெயர் இருக்கும்வரைதான் காம்பரா நமக்கு, விட்டால் அதுவும் போய்விடும் என்றார். அம்மா ஒரு மாதம் என்னோடு இருந்தாள், ஒருநாள்கூட இழுக்கவில்லை. பிறகு, "அவரு தனியா என்ன செய்வாரு" என்று சொல்லி, தானே பையைத் தூக்கிக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினாள்.