தணலில் பற்றவைத்த சுருட்டு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்தே முக்காலுக்குப் பெரியப்பா என்னிடம் சுருட்டை நீட்டினார். மாதா கோயிலில் ஆறு மணி அடித்தபோது அப்பாவுக்குப் படகில் இடம் இல்லாமல் போயிருந்தது.

பேசாலையில் எங்கள் வீடு கடலை ஒட்டியது. அப்பாவின் அண்ணனான பெரியப்பாதான் படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரர். அப்பா அந்தப் படகில் தொழிலுக்குப் போகிறவர். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் முற்றத்துப் பூவரசின் கீழ் எல்லோரும் கூடிக் கிழிந்த வலையைப் பொத்துவார்கள். பெரியப்பா மட்டும் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்.

கடற்காற்றுக்கு நெருப்புக்குச்சி நிற்காது. அதனால் சுருட்டைப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து அடுப்படிக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். தணலில் அதைப் பிடித்து, வழியில் அணைந்துவிடாமல் இரண்டு தரம் இழுத்து, முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு வயதிலிருந்து அந்தப் பதவி என்னுடையது. இருமாமல் கொண்டுவருவேன் என்பதில் எனக்குப் பெருமை; அம்மாவுக்கும் கொஞ்சம் இருந்தது என்றே நினைக்கிறேன். எனக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் பெரியப்பாவின் ஒரே மகன், நாங்கள் பெரியண்ணா என்று கூப்பிடுகிறவர். அவர் அப்போது நீர்கொழும்பில் படகு வேலை செய்தார். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் சுகாதார ரீச்சர் எங்களைச் சோடி சோடியாக நிறுத்திப் புதுப் பாடமொன்று நடத்தினார். ஒருவர் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியைச் சிகரெட் போல நீட்ட வேண்டும். மற்றவர் முகத்தைப் பார்த்து, முணுமுணுக்காமல், காரணம் சொல்லி மறுத்துவிட்டு நகர வேண்டும். நான் நன்றாகச் செய்தேன். என் சோடிக்காரி, “அம்மாடி, இவளிட்ட ஆரும் மிட்டாய்கூட நீட்டேலாது” என்றாள். ஆனால் வகுப்பில் வெண்கட்டி நீட்டியவர்கள் எல்லோரும் பதின்மூன்று வயதுக்காரர். படகு வைத்திருக்கும் பெரியப்பா நீட்டினால் என்ன செய்வது என்று ரீச்சர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“பத்தவைச்சுக்கொண்டு ஓடி வா, மகள்” என்று அந்த ஞாயிறு சுருட்டை நீட்டினார் பெரியப்பா.

நான் நிமிர்ந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். “மாட்டன் பெரியப்பா. சின்னனிலயிருந்து இப்பிடிப் பத்தவைச்சுப் பழகின பிள்ளையள் பிறகு இதைவிடப் பெரிசுக்குப் போயிடுவினமாம். அதுக்குப் பிறகு அவையளால விடேலாதாம்.”

சொன்னபடியே நகர்ந்தும் விட்டேன். யாராவது சிரிப்பார்கள், இல்லாவிட்டால் அப்பா அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. வலையில் ஓடிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. பெரியப்பா சுருட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. “வீட்டில கதைக்கிறதைத்தானே பிள்ளை சொல்லுது” என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். நாளைக்குப் படகுக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

ஒரு சுருட்டுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். அம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய், “இதை உனக்கு ஆர் சொன்னது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ரீச்சர் என்றேன். நம்பாமல் வெண்கட்டிக்குப் பதிலாக ஒரு ஈர்க்கை எடுத்துத் தந்து, பாடத்தை முழுதாக நடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

திங்கள் விடியப் படகு அப்பா இல்லாமல் போனது. செவ்வாயும் அப்படியே. அப்பா கரைக்குப் போய், படகு கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு வந்து, கோழிக்கூட்டைத் திருத்தினார். நல்லாயிருந்த கூடு அது. அம்மா பெரியம்மாவிடம் போய், ரீச்சரின் பாடத்தைப் பற்றி நெடுநேரம் கதைத்துவிட்டு வந்தார். யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் பயமாயிருந்தது.

பல வருடங்கள் கழித்து, போன மாதம் என் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து உடனே வரச் சொன்னார்கள். மதிலுக்குப் பின்னால் பெடியன்கள் மாவா என்கிற போதைப்பாக்கோடு பிடிபட்டிருந்தார்கள், அவனுடைய வகுப்புதான். ஓட்டோவில் போகும்போது எனக்குச் செபம்கூட ஒழுங்காக வரவில்லை. அவன் வாங்கவில்லை என்று அதிபர் சொன்னபோது, அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில், எப்படியடா மறுத்தாய் என்று கேட்டேன். “ரீச்சர் பழக்கினவதானே அம்மா. நீங்கள் ஏன் அழுறீங்கள்?” என்றான். அன்றிரவு இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான், அந்தச் செவ்வாய்க்கு அடுத்த புதன்கிழமை எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது.

புதன் பின்னேரம் பெரியப்பா வந்தார். அதே கதிரையில் இருந்தார். தானே கொண்டுவந்த நெருப்புப்பெட்டியை எடுத்து ஒவ்வொரு குச்சியாக உரசினார். காற்று ஒவ்வொன்றாக அணைத்தது. கடைசியில் சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு, விடியப் படகுக்கு வரும்படி அப்பாவிடம் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“உன்ர பெரியண்ணன் வாற கிழமை வீட்டை வாறான், மகள்” என்றார். நீர்கொழும்பிலிருந்து எனக்கு என்ன கொண்டுவருவார் என்று யோசித்தேன். அங்கே சிஸ்டர்மார் நடத்தும் மருத்துவ வீடொன்றில் பெரியண்ணா போதைத்தூளை விட்டுவிடப் பாடுபட்டுக்கொண்டிருந்தார் என்பது நான் பெரியவளான பிறகே தெரிந்தது.

“விட்டிட்டு வாற ஆளோட வீட்டுக்காரர் எப்பிடிக் கதைக்கோணும் எண்டும் ரீச்சர் சொல்லித் தந்தவவோ?”

அது இன்னும் படிப்பிக்கவில்லை என்றேன். அவர் எதற்குக் கேட்கிறார் என்று விளங்கவில்லை.

பெரியப்பா தலையாட்டினார். “படிப்பிச்சா வந்து எனக்குச் சொல்லு, மகள்” என்றார்.