தாடிக்கு மேல் ஒரு முகமூடி

ஓய்வுபெற்ற பின்னும் படிவங்கள் என்னை விடவில்லை. புலம்பெயர்ந்து வந்து, பான் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தவன். எந்த அன்ட்ராக்குக்கு, அதாவது விண்ணப்பத்துக்கு, எத்தனை பிரதி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். இருமிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த அந்த மன்னார்க்காரரும் அதற்காகவே வந்தார்.

பக்கத்து ஊர் மாட்டுப்பண்ணையில் பதினான்கு வருடம் வைக்கோல் பிரித்தவர், தீவனம் அரைத்தவர். தூசியைச் சுவாசிப்பது நிற்காவிட்டால் இருக்கிற மூச்சும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேறு வேலை தேடும் வயது இல்லை.

மருத்துவச் சான்று, விண்ணப்பம், முதலாளியின் கையொப்பம் எல்லாம் ஒழுங்காகக் காப்புறுதிக்கு அனுப்பி, தூசி தடுக்கும் முகமூடி கேட்டேன். வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி வந்தது. எனக்கு நானே ஒரு கோப்பி போட்டுக் கொண்டாடினேன்.

அடுத்த பரிசோதனையில் மூச்சு இன்னும் குறைந்திருந்தது. முகமூடி செய்தவர்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதுவதற்கு முன், ஆதாரம் தேடிப் பண்ணைக்குப் போனேன். அவர் முகமூடியை ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். கழற்றியபோது தாடிக்குள் எல்லாம் வைக்கோல் தூள். ரப்பர் விளிம்பு தாடியின் மேல் ஒட்டாது. இடைவெளியால் தூசி தாராளமாக உள்ளே போயிருக்கிறது.

படிவத்தில் 'தாடி உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. வேறொருவரின் பழைய பிரதியைப் பார்த்து 'இல்லை' என்று எழுதியவன் நான். எழுதும்போது அந்தத் தாடி எனக்கு எதிரே இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

"தாடியை எடுத்துவிடுங்கோ" என்றேன்.

"ஏலாது அண்ணை. மடு மாதாவுக்கு நேர்த்தி. காணாமப் போன தம்பியைப் பற்றி ஒரு சேதி வரட்டும், எடுக்கிறன்."

"எத்தினை வருசம்?"

"பதினாறு." இருமி முடித்துவிட்டுச் சிரித்தார். "உங்கட கந்தோரிலை ஒரு கடிதத்துக்கே ஆக்களை எத்தினை மாசம் காக்க வைச்சனீங்கள்? மாதாவுக்குக் கொஞ்சம் கூடுதலா நேரம் குடுக்கக் கூடாதோ?"

வீட்டுக்கு வந்தேன். தவறு என்னுடையது என்று வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். தலையை முழுவதும் மூடி, சிறு விசிறியால் வடிகட்டிய காற்றை உள்ளே அனுப்பும் கவசம் கேட்டேன். அதற்குத் தாடி தடையில்லை. அது வரும்வரை அவரை வைக்கோல் பக்கம் விடுவதில்லை என்று முதலாளியிடமும் எழுத்தில் வாங்கினேன்.

கவசம் வந்து ஒரு வருடம் கழித்துச் சோதித்தார்கள். மூச்சு கூடவுமில்லை, குறையவுமில்லை. போனது திரும்பாது என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் மன்னார்க்காரர் என்னிடம் கேட்டார்:

"மிச்ச மூச்சுக் காணுமோ அண்ணை, தம்பியின்ரை சேதி வருமட்டும்?"

போதும் என்றேன். தெரிந்தே ஆதாரம் இல்லாமல் நான் சொன்ன ஒரே பதில் அது.