கசிவு இல்லை என்று எழுதப்பட்ட அணை

தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத் துரை பொய் சொல்லாதவர். அவரால் வந்த ஆபத்துக்கு அதுதான் காரணம்.

கார்த்திகைப் பெருமழையில் மலைகள் சரிந்த பிறகு, தோட்டங்களில் உள்ள குளங்களையும் அணைகளையும் பற்றிக் கொழும்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. தெரணியகலைக்கு மேலே இருக்கும் அந்த இறப்பர்த் தோட்டத்திலும் ஒரு மண் அணை உண்டு. தொழிற்சாலைக்குத் தண்ணீர் கொடுக்க வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது, இருபதடி உயரம். படிவத்தின் நான்காவது கேள்வி, "கசிவு உண்டா? ஆம் / இல்லை." துரை அணையடிக்கு இறங்கிப் பார்த்தார். அடிவாரத்துக் கற்குவியலுக்குள்ளிருந்து ஒரு பழைய சுட்டமண் குழாய் வழியே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "ஆம்" என்று எழுதினால் மேலிடம் கேள்வி கேட்கும். "இல்லை" என்று எழுதினால் பொய். மனசாட்சியுள்ள மனிதர் வேறென்ன செய்வார்? எழுதவேண்டிய பதிலுக்குத் தக்கபடி உண்மையைத் திருத்தித் தர ஒரு மேசனைக் கூப்பிட்டார்.

அந்தக் குழாய்த் தண்ணீர்தான் அணைக்குக் கீழே இருந்த எட்டு வீட்டுத் தொழிலாளர் வரிசையான லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலி. குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். லயத்தின் கடைசிக் காம்பராவில், அணைக்கு ஆகக் கிட்டத்தில், இராஜம் இருந்தார். ஐம்பது வயது. முப்பது வருடமாக இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். கணவர் இறந்துவிட்டார், மகள் லோஜினி அவிசாவளையில் ஒரு துணிக்கடையில் வேலை.

இராஜத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. பீலித் தண்ணீரை ஒரு வெள்ளைப் பேசினில் பிடித்து இரவு முழுக்க வைத்து, காலையில் அடியைப் பார்ப்பார். அயல்காரர்கள் இதைச் சாமி காரியம் என்று நினைத்தார்கள். அப்படி ஒன்றுமில்லை. பாலில் பட்டையோ மண்ணோ இருந்தால் திட்டு விழும் தொழிலில் முப்பது வருடம் இருந்தவருக்கு, வெள்ளையில் அழுக்குத் தேடாமல் இருக்க முடியவில்லை. பெருமழை வாரத்தில் பீலி இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. அப்போதும் பேசினின் அடி சுத்தமாகவே இருந்தது.

மண் அணை தண்ணீரை முழுதாக நிறுத்துவதில்லை. நிறைந்த குளத்தின் தண்ணீர் மண்ணுக்குள் ஊறி மறுபக்கம் வந்தே தீரும். கட்டத் தெரிந்தவர்கள் அடியில் மணலும் கல்லும் போட்டு அதற்கென்று ஒரு வழி வைப்பார்கள். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி கசிகிறதா என்பதல்ல, கசிவது எதைக் கொண்டுவருகிறது என்பதுதான். நான்கு பக்கப் படிவத்தில் அதற்கு இடம் போதவில்லை போலும்.

பங்குனியில் மேசன் ஜவ்பர் இரண்டு மூட்டை சீமெந்தோடு வந்தார். தெரணியகலைக் கடைத்தெருவில் பாதிச் சுவர்கள் அவர் கட்டியவை. அவற்றில் ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் வரும் என்று ஊரில் பேச்சு.

"நானா, இத மூடிட்டா நாங்க எங்க குளிக்கிறது?" என்று கேட்டார் இராஜம்.

"டேங்க் ஒண்டு வருமாம் தங்கச்சி."

"எப்ப?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கரண்டி புடிக்கிறன்? துரையா இருந்திருப்பன்."

தோட்டத்துக் கிளாக்கர் பொன்னுத்துரை குடையோடு பக்கத்தில் நின்றார். "டேம் ஒழுகுதுன்னு ரிப்போட் போனா யாருக்குப் பேச்சு? உங்களுக்கு நல்லதுக்குத்தான் அடைக்கிறோம்."

"ஒழுகல கிளாக்கர் ஐயா. வெள்ளைக்காரன் குழாய் வச்சது தண்ணி வர்றதுக்குத்தானே, வராம இருக்கவா? அவ்வளவு மழைக்கும் நின்ன அணைங்க இது."

"நீங்க இஞ்சினியரா?"

"நான் துணி தொவைக்கிறவ."

பொன்னுத்துரை சிரித்தார். நல்ல மனிதர்தான். எந்தக் காரியத்திலும் தன் கையெழுத்து விழாமல் பார்த்துக்கொள்வது தவிர அவரிடம் வேறு கெட்ட பழக்கம் இல்லை. மாலையில் துரை வந்து, "லீக் எக்க இவரத?" என்று, கசிவு முடிந்ததா எனச் சிங்களத்தில் கேட்டார். "இவரயி சேர்," என்றார் ஜவ்பர். முடிந்தது. நான்காவது கேள்விக்கு "இல்லை" என்று சத்தியமாகவே எழுதப்பட்டது.

குளத்துத் தண்ணீருக்குப் படிவத்தைப் பற்றித் தெரியாது. வைகாசி மழையில் குளம் நிறைந்தது. பத்து நாளில் அணையின் வெளிச்சரிவில், இடுப்பு உயரத்தில், புல் திடீரென்று பச்சையானது. கால் வைத்தால் புதைந்தது. வழி அடைபட்ட தண்ணீர் அணைக்குள் உயர ஏறி, வேறு வாசல் தேடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு காலை, இராஜத்தின் காம்பராவுக்குப் பின்னால் தரையிலிருந்து சின்ன ஊற்று ஒன்று குமிழி விட்டது. அதைச் சுற்றி எறும்புப் புற்றைப் போல மணல் வட்டம். இராஜம் அந்தத் தண்ணீரைப் பேசினில் பிடித்து, அடுப்பு மூட்டும் நேரம் வரை வைத்துப் பார்த்தார். அடியில் மண், விரலில் அள்ளும் அளவுக்கு.

அணையின் உள்மண்தான் அது. ஊற்று உள்ளே குடைந்து போய்க் குளத்தைத் தொட்டால், லயத்துக்கு அரை நிமிடம்கூட மிஞ்சாது.

முதலில் எட்டு வீட்டையும் எழுப்பி, மேட்டில், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகச் சொன்னார். மூன்று வீட்டார் முணுமுணுத்தார்கள். பேசினைக் காட்டியதும் பாயைச் சுருட்டினார்கள். பிறகு பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். துரை கொழும்பில் கூட்டத்தில் இருந்தார். கூட்டத்தின் பொருள், அணைகளின் பாதுகாப்பு.

"என்னம்மா இது, ஸ்டோருக்குப் போற பாலா?" என்றார் பொன்னுத்துரை.

"டேம் உள்ளுக்குள்ள கரையுதுங்க. குளத்து மடையைத் தொறக்கணும். பீலியையும் தொறக்கணும்."

"கசிவு இல்லேன்னு ரிப்போட் போயிருச்சே."

"ரிப்போட்ட நான் தொறக்கச் சொல்லல. மடையத்தான்."

பொன்னுத்துரை பேசினுக்குள் பார்த்தார். மேசை லாச்சியைத் திறந்து மடைச் சாவியை வெளியே எடுத்து வைத்தார். "நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வர்றப்ப இது இங்க இல்லேன்னா எனக்குத் தெரியாது." அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வீரச் செயல் பதிவாகவில்லை. அதுவும் பதிவாகவில்லைதான்.

மடை திறந்தது, குளம் மெல்ல இறங்கத் தொடங்கியது. குழாய் திறக்கவில்லை. லயத்து ஆண்கள் அலவாங்குக் கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள், நெருப்புப் பொறிதான் பறந்தது. ஜவ்பர் தன் வாழ்நாளில் ஒரேயொரு முறை சீமெந்தை நேர்மையாகக் கலந்திருந்தார், அது இங்கே. ஆட்டோ அனுப்பி அவரையே கூட்டிவந்தார்கள்.

"என்ட வேலைய எவனாலயும் உடைக்க ஏலாது," என்றார், முகத்தில் பெருமை தாங்காமல்.

"நானா, வீட்டுச் செவரெல்லாம் இப்படிக் கட்டியிருக்கப்படாதா? இப்ப உடைங்க."

"துரைட ஓடர் இருக்கா?"

இராஜம் ஊற்றைக் காட்டினார். மணல் வட்டம் காலையில் கை அகலம். இப்போது பேசின் அகலம். ஜவ்பர் சுத்தியலை எடுத்தார். ஒன்றரை மணி நேரம் தன் ஒரே நல்ல வேலையைத் தானே உடைத்தார். கடைசித் துண்டு பிடுங்கியதும் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்து அவரைத் தள்ளி உட்காரவைத்தது. தண்ணீர் வரட்டும், மண் நிற்கட்டும் என்று ஊற்றின் மேல் எல்லோருமாகப் பருமணலும் அதற்கு மேல் சல்லியும் கொட்டினார்கள். சாயந்தரம் குமிழி அடங்கியது. பீலி தெளிய மூன்று நாள் ஆனது.

அடுத்த வாரம் ஒரு பொறியியலாளர் வந்து சரிவில் நடந்து பார்த்தார். குளத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, அணையின் வெளிப்பக்கத்தைப் புதிதாகக் கட்டவேண்டும் என்று எழுதினார். தோட்டம் அதைக் கவனமாகக் கோப்பில் வைத்தது. லயம் பாதுகாப்பானது, குடும்பங்கள் திரும்பலாம் என்று இன்னொரு கடிதமும் போட்டது. ஏழு குடும்பங்கள் திரும்பின. தண்ணீரும் அடுப்பும் அங்கேதானே.

இராஜம் திரும்பவில்லை. துவைக்கப் பீலிக்கு வருவார், பேசினும் வைப்பார். படுக்கை பிள்ளைக்காம்பராவின் ஒரு மூலையில். அணையின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதன் காலடியில் தூங்க மனமில்லை, அவ்வளவுதான். தைரியசாலி என்று அவரை நான் சொல்லமாட்டேன். பார்த்ததை நம்பினார். அதற்கு மேல் எதையும் அவர் கணக்கில் எழுத எனக்கு உரிமை இல்லை. அதுவே இங்கே அரிது என்பது வேறு விஷயம்.

பிள்ளைக்காம்பராவில் அனுமதியின்றிக் குடியிருப்பதாகத் தோட்டத்து ஆபீசிலிருந்து இராஜத்துக்கு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் கேட்டுப் பொன்னுத்துரை கோப்போடு நேரில் வந்தார்.

"எப்பம்மா காம்பராவுக்குத் திரும்பிப் போவீங்க? நான் எழுதியாகணும்."

"டேமைப் புதுசாக் கட்டட்டும் ஐயா. கட்டினப்புறம் ஒரு மழைக்காலம் நீங்க அந்தக் கடைசிக் காம்பராவுல குடும்பத்தோட படுத்துப் பாருங்க. அடுத்த நாளே நான் வந்துர்றேன்."

பொன்னுத்துரை மேட்டிலிருந்த தன் குவார்ட்டர்ஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, "பதில் கிடைக்கவில்லை" என்று எழுதினார்.