லேஞ்சி ஆட்டம்

சுவிஸின் துன் நகர ஏரிக்கரையில் அப்பா ஆடியதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிவிடும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு ஹோட்டலில் கோப்பை கழுவும் வேலை. சுவிஸுக்கு வந்து ஒரு வருடமாகியும் நான் வீட்டுக்கு வெளியே யாரோடும் ஒரு சொல் பேசியதில்லை. டொச், அதாவது ஜெர்மன் மொழி, விளங்கும், வாய்தான் திறக்காது. இப்படியே இருந்தால் வேறு பள்ளிக்கு அனுப்ப வேண்டிவரும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்திலிருந்து மொரிஸ் ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். தாடியும் தொந்தியுமான ஆண்கள். முழங்காலுக்குக் கீழே வரிசையாக மணிகள், தொப்பியில் பூ, இரண்டு கையிலும் லேஞ்சி என்று நாங்கள் சொல்லும் வெள்ளைக் கைக்குட்டை. ஒருவர் அக்கோர்டியன் வாசிக்க, அதை வீசி வீசித் துள்ளினார்கள்.

அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

"இது சாமி ஆட்டம். என்ன நேர்த்திக்கடனெண்டு கேள் தம்பி."

"அவன் எங்க கேக்கப்போறான்? நீங்கள் முதல்ல சப்பாத்தைப் போடுங்கோ. சனம் பாக்குது," என்றார் அம்மா.

பார்த்த சனத்தில் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். கேட்டுவிட்டால் அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வியர்வை துடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் போய், எதற்காக ஆடுகிறீர்கள் என்று டொச்சில் கேட்டேன்.

அவர் திக்கித் திக்கிச் சொன்னார். சரியாக ஒருவருக்கும் தெரியாதாம். குளிரை விரட்ட என்பார்களாம். மூர் இனத்தாரிடமிருந்து வந்தது என்பார்களாம். முற்காலத்தில் அரண்மனையில் ஆடினார்களாம். பிறகு வேலையில்லாத மாதங்களில் உழவர்கள் ஆடிக் காசு சேர்த்தார்களாம்.

"பியர் குடிக்கத்தான் என்று என் அப்பா சொல்வார்," என்று சிரித்தார்.

திரும்பினால், அப்பா அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டிட்டான்! வாய் திறந்திட்டான்!"

அடுத்த கணம் கிழவரின் லேஞ்சிகளை வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு நடுவில் இறங்கினார். "அரோகரா!" தோளில் காவடி இல்லாத காவடியாட்டம். அக்கோர்டியன்காரர் அவருடைய காலைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். சனம் கைதட்டியது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அது உன் அப்பாவா?" என்று ஒருவன் கேட்டான்.

என் வாய் மறுபடியும் மூடிக்கொண்டது.

பஸ்ஸில் அப்பா மூச்சு வாங்கியபடி, "என்ர நேர்த்தி முடிஞ்சுது," என்றார். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

அவருக்கும் என்னைப் போல வெட்கம் என்றே அன்று நினைத்தேன்.