தாம்பரத்துத் தோழி

எட்டு வருடங்களுக்கு முன், திருவொற்றியூரில் குடியிருந்தபோது, என் ஒரே மகளின் வாயை நான் அடைத்துவிட்டேன். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதனாலேயே அது தவறு என்று புரிய எனக்கு நாளாயிற்று.

அவள் எங்களுக்குத் தாமதமாகப் பிறந்தவள். மின் நிலைய வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அதே வருடம், நகரத்தின் தென்கோடியில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வாரம் முடிந்ததும், பாடம் புரியவில்லை, தன் பேச்சைக் கேட்டு வகுப்பில் சிரிக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஷிப்ட் முடிந்தால், அடுத்து வருபவரிடம் நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். முப்பது வருடப் பழக்கம், வீட்டிலும் தொற்றிக்கொண்டது.

"தெனமும் சாயங்காலம் அஞ்சு நிமிஷம் ரிப்போர்ட் குடு. அழுகை வேணாம். என்ன நல்லது நடந்துச்சோ அத மட்டும் சொல்லு" என்றேன். தைரியம் கொடுப்பதாக நினைப்பு.

மறுநாளிலிருந்து நல்லது மட்டுமே நடந்தது. தாம்பரத்திலிருந்து வரும் ஒரு பெண் தோழியானாள். இடதுகைக்காரி, பல்லிக்குப் பயப்படுவாள், அம்மா இல்லாதவள். அம்மா இல்லை என்று கேட்டதும் என் மனைவி இரண்டாவதாக ஒரு டிபன் பாக்ஸ் கட்ட ஆரம்பித்தாள். மாலையில் அது கழுவிய சுத்தத்தோடு திரும்பி வரும். எறா தொக்கு என்றால் அவளுக்கு உயிராம். போகப்போக நான் மகளைவிட அந்தப் பெண்ணைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தேன்.

பொங்கலுக்கு அவளையும் அவள் அப்பாவையும் வீட்டுக்கு அழைக்கலாம் என்று தோன்றியது. மகளிடம் சொல்லாமல் ஒரு நாள் காலையில் கல்லூரிக்கே போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். மகள் சொன்ன பெயரில் அந்த வகுப்பில் யாரும் இல்லை. எந்த வகுப்பிலும் இல்லை. பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உங்கள் மகளே ஏழு வாரமாக வரவில்லையே, வீட்டுக்குக் கடிதம் போட்டோமே என்றார். எந்தக் கடிதமும் என் கைக்கு வரவில்லை.

ரயிலில் திரும்பும்போது பழைய வேலை நினைவுக்கு வந்தது. வேலையில் இருந்த காலத்தில், மீட்டரைப் பார்க்காமலே மணிக்கொரு தடவை ரீடிங் எழுதிவைத்த ஆட்களை நான் பிடித்திருக்கிறேன். கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான முள் கொஞ்சமாவது ஆடும். பொய் எழுத்து ஆடாது. என் மகள் சொன்ன கல்லூரியில் ஒரு நாள்கூட மழை பெய்யவில்லை. யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அவ்வளவு வாரங்கள் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எங்கள் தெருமுனை ஷேர் ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

"இன்னா சார், ஒனக்குத் தெரியாதா? காலேஜ் பஸ்ஸு போனப்பறம் பாப்பா என் வண்டில தான ஏறும். எர்ணாவூர் கல்லாண்ட எறங்கிக்கும். நீ சொல்லித்தான் போவுதுன்னு நென்ச்சேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எறங்கறப்ப ரெண்டு பேருக்குக் காசு குட்க்கும் சார். நான் ஒண்ணுதான் வாங்குவேன்."

அவரே என்னைக் கொண்டுபோய் விட்டார். அங்கே கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகப் பாறைகளைக் கொட்டியிருப்பார்கள். நல்ல வெயில். ஆனாலும் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியாத அளவுக்குக் காற்று மங்கிக் கிடந்தது. பாறைகளின் நுனியில், அலை மோதும் இடத்துக்கு மிக அருகில், அவள் முதுகு தெரிந்தது. பக்கத்தில் இரண்டு டிபன் பாக்ஸும் திறந்திருந்தன. பக்கவாட்டில் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு, பதில் கேட்பவள்போல, தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

கூப்பிட்டால் பயந்து தவறிவிடுவாளோ என்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை பாறையாகப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை, களைப்புதான் இருந்தது. அவளுக்கு இடப்புறம் உட்காரப் போனேன்.

"பா, அங்க உக்காராத" என்றாள்.

வலப்புறம் போய் உட்கார்ந்தேன். அப்படி யாரும் இல்லை என்று உனக்குத் தெரியுமா என்று மெல்லக் கேட்டேன்.

"தெரியும்பா. உங்கிட்ட சொல்றதுக்குதான் மொதல்ல கட்டிவுட்டேன். அப்பறம் நான் அழுதா அவதான் கேட்டுக்கினு இருந்தா."

அன்று அவள் மூன்று மணி நேரம் பேசினாள். சாப்பிடக் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்ததையும், கல்லூரிக் கடிதத்தை என் கண்ணில் படாமல் எடுத்துவிட்டதையும் சொன்னாள். இரண்டாவது பாக்ஸையும் தானே சாப்பிடுவதாகவும், ஆனால் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் எடுப்பதாகவும் சொன்னாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் என் மகளுக்குச் சொன்னதைவிட எனக்குச் சொன்னதுதான் அதிகம். கல்லூரியில் பேசி, மறு வருடம் முதலாண்டிலேயே மீண்டும் சேர்த்தேன். முதல் நான்கு மாதம் பஸ்ஸில் கூடவே போய், வாசலில் விட்டுவிட்டு வந்தேன். மாலை ரிப்போர்ட்டை நிறுத்தினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பாய்லருக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறேன் என்பதை முதல் முறையாக அவளிடம் சொன்னேன். ஆனால் இரண்டாவது பாக்ஸை மட்டும் நிறுத்தச் சொல்ல எனக்கும் மனைவிக்கும் துணிவில்லை. ஒரு நாள் அவளே அதை மேசையில் விட்டுவிட்டுப் போனாள். நானும் மனைவியும் அன்று முழுக்க அதைத் திறக்கவில்லை. வீட்டில் யாரோ இறந்துபோன மாதிரி இருந்தது.

மகள் படிப்பை முடித்தாள். இப்போது கோவையில் வேலை செய்கிறாள். போன் செய்தால் முதலில் கெட்ட செய்திகளைத்தான் சொல்வாள். அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராகிறது. எப்போதாவது "நல்லா கீறேம்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடும் நாட்களில், அவள் பக்கத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்தபடி, ஓசை நின்றுபோன போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கிறேன்.