ஒண்ணே போதும்

மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த முதல் வாரம். வீட்டுக்காரச் சேட்டன் என் கணவரைப் பார்த்து, "ஆளுக்கு சம்சாரம் குறவாணல்லோ" என்றார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. அதிகம் பேசமாட்டீர்களோ என்று கேட்டிருக்கிறார். நமக்குத்தான் சம்சாரம் என்றால் பெண்டாட்டி ஆயிற்றே! இவர் வெலவெலத்துப்போய், "ஒண்ணுதான் சேட்டா, ஒண்ணே போதும்" என்றார்.

அன்றைக்குச் சிரித்தது சரி. அதையே இருபது வருஷம் சொன்னால்? மிளகுக் கிடங்கில் உடன் வேலை பார்ப்பவர்கள், விருந்தாளிகள், எங்கள் சம்பந்தி வீட்டார் வரை ஒருவரையும் விட்டதில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். "கொஞ்சம் சிரிச்சா முத்து உதிர்ந்துடுமா?" என்பார் முதுகுக்குப் பின்னால்.

போன மாசம் ஒரு காலை, சாயா குடித்துக்கொண்டிருந்தவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. டம்ளர் நழுவியது. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸ் வரும்போதெல்லாம், "ஒந்நு சிரிச்சே" என்பாள். உதடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்ப்பதற்காம். நானும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இடது ஓரம் அசையாது. 

பிழைத்துக்கொள்வார் என்றுதான் சொன்னார்கள். என் பயம் வேறு. பிழைத்து வருகிறவர் வேறு யாரோவாக இருந்துவிட்டால்? என்னைத் தெரிகிறதா என்றுகூட அந்தக் கண்ணில் பிடிபடவில்லை. இதை எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது? 

நான்காம் நாள் டாக்டர் வந்தார். நர்ஸிடம், "சம்சாரம் எங்ஙனயுண்டு?" என்றார். அவள் பேச்சே இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். இவர் விளங்கும் கையை மெல்லத் தூக்கி என்னைக் காட்டினார். "ஒ... ண்ணே..." அதற்குமேல் நாக்கு புரளவில்லை.

டாக்டர் குனிந்து, "எந்தா?" என்றார். நர்ஸுக்கும் புரியவில்லை.

நான் சிரித்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது, வெட்கமே இல்லாமல் சிரித்தேன். அவர் கோணல் வாயோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக இதற்காகத்தான் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே சொன்னேன். "போதும்."