தியான்ஜினும் என் மஞ்சள் காப்பும்

பதுளை டவுனில் எந்தக் கடை எந்தச் சந்தில் என்று கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவேன். தியான்ஜினைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். வட சீனாவில், பெய்ஜிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய துறைமுக நகரம் அது. நான் ஒரு நாளும் போனதில்லை. இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை? என் ஒரே மகள் புலமைப்பரிசில் கிடைத்துப் படிக்கப் போனாள். படித்து முடித்தவளுக்குத் துறைமுகக் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்தது. போனவள் போனவள்தான், வருசக்கணக்காய் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கையில் பிடித்தபடி என்னை அந்த ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போவாள். ஊர் நடுவே ஓர் ஆறு. அதன் பாலத்துக்கு மேலேயே ஒரு ராட்சத ராட்டினம் சுற்றும். குளிர்காலத்தில் ஆறு கல்லாய் இறுகிவிடும். கிழவர்கள் அதன்மேல் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். ஒரு பகுதி முழுக்க மரங்கள், பழைய மாடி வீடுகள். அசல் நம் துரை பங்களாதான்.

"அங்கயும் வெள்ளக்காரன் விட்டு வைக்கலையா?" என்றேன்.

"எங்கதாம்மா விட்டான்!"

காலைச் சாப்பாட்டுக்குப் பயற்றம் மாவை வட்டமாய் ஊற்றி, முட்டை உடைத்துத் தேய்த்து மடித்துக் கொடுக்கிறார்கள். "அடியே, இது முட்டைத் தோசைடி! இதுக்கா இவ்வளவு தூரம் போன?" என்று கத்தினேன். துறைமுக நகரம் என்றால் ஜன்னலைத் திறந்ததும் கடல் என்றுதான் நினைத்திருந்தேன். கடல் ஊருக்கு வெளியே இருக்கிறது, ரயிலேறித்தான் போகவேண்டும். அங்கேயும் அலையைக் காணோம். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியதுபோல் கொள்கலன்கள், அவற்றுக்கு மேலே கிரேன்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, போனை வைத்ததும் அழுவேன். எனக்கு ஊர் வேண்டாம், பிள்ளை வேண்டும்.

இந்த வருசம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, மகள் வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டினேன். காப்புக் கட்டினவர்கள் அதை அவிழ்க்கும்வரை தோட்டத்தை விட்டு வெளியே இராத் தங்கக்கூடாது. எங்கள் வழக்கம் அது. எனக்கென்ன, எங்கே போகப்போகிறேன் என்று நினைத்தேன்.

கட்டிய மூன்றாம் நாள் மகள் கூப்பிட்டாள். கம்பெனிப் பெரியவர்கள் கொழும்புத் துறைமுகம் பார்க்க வருகிறார்களாம், மொழிபெயர்க்க இவளும் கூட வருகிறாளாம். "சனிக்கிழமை சாயந்தரம் மட்டுந்தாம்மா எனக்கு லீவு. மறுநாள் காலையில பிளேன். மலைக்கு ஏறி வர முடியாது. நீயும் அப்பாவும் வந்துருங்க."

கொழும்புக்குப் போனால் அன்றைக்கே திரும்ப முடியாது. என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"அறுத்துப் போட்டுட்டு வா. ஆத்தாவுக்குத் தெரியாதா என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

கத்தரிக்கோலை எடுத்தேன், சத்தியமாய் எடுத்தேன். அவளுக்காகக் கட்டியதை அறுத்து, நாளைக்கு அந்தக் குளிர் ஊரில் அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? கை வரவில்லை. படித்த பொம்பளை, வாத்திச்சி, இருந்தும் வரவில்லை. "கேட்டதைக் கொடுக்கிறவள் இப்படியா கொடுப்பாய்?" என்று கோயில் வாசலில் நின்று ஆத்தாவைத் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்காரர் பலகாரப் பையோடு தனியாகப் பண்டாரவளையில் ரயிலேறினார்.

சனிக்கிழமை சாயந்தரம் போன் வந்தது. கொழும்புக் கடற்கரையில் அப்பா தோளில் சாய்ந்துகொண்டு மகள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, என் ஜன்னலிலும் அதே பொழுதுதான்.

"கையக் காட்டும்மா," என்றாள். காட்டினேன். முறுக்கைக் கீழே வைத்தாள். "எனக்காகவா கட்டுன?"

"ஆமா. நாட்டு மண்ண மிதிச்சிட்டல்ல, அது போதும் புள்ள," என்றேன்.

போதவில்லை. கொஞ்சமும் போதவில்லை.